கோழிக்குஞ்சு பிரிப்பவர்களுக்கு என்ன தெரியும்?

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஆபீஸில் ஜூனியர்களுக்கு மெஷின் லேர்னிங் பற்றி ஒரு செஷன் எடுத்தேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு கதை. ஜப்பானில் சிலர் இருக்கிறார்கள். பிறந்து ஒரு நாள் ஆன கோழிக்குஞ்சைக் கையில் எடுத்து, கண் இமைக்கும் நேரத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. புதிதாகக் கற்க வருபவர் குத்துமதிப்பாக ஒரு பெட்டியில் போடுவார், பின்னால் நிற்கும் குரு 'சரி', 'தப்பு' என்பார். பாடமே அவ்வளவுதான். சில வாரத்தில் சிஷ்யருக்கும் அந்த வித்தை வந்துவிடும், ஆனால் எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாது. நியூரல் நெட்வொர்க்கும் இப்படித்தான், விதி எழுத வேண்டாம், லேபிள் போட்ட டேட்டா போதும் என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

கடைசி வரிசையில் ஒரு பெண், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, கையைத் தூக்கினாள். "அண்ணா, அவங்க எதைப் பார்ப்பாங்க? ஏதோ ஒண்ணைப் பார்த்துத்தானே ஆகணும்?"

"அதுதாம்மா யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி தேடினேன். (ஆபீஸ் லேப்டாப்பில் தேடாதீர்கள். 'சிக் செக்ஸிங்' என்று டைப் அடித்துவிட்டு ஐடி டீமுக்கு விளக்கம் சொல்வது கஷ்டம். தமிழில் தேடினாலும் அதே கஷ்டம்தான். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.) எதைப் பார்ப்பார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். கண்டுபிடித்தவர்களே படம் போட்டு விளக்கி, 1933-இல் ஆங்கிலப் புத்தகமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். எண்பது தொண்ணூறு வருஷமாக அச்சில் இருக்கும் ஒன்றை 'யாருக்கும் தெரியாது' என்று இருபது பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

தப்பு முழுக்க என்னுடையது இல்லை என்று கொஞ்சம் வாதாடிக்கொள்கிறேன். டேவிட் ஈகிள்மேன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2011-இல் எழுதிய 'இன்காக்னிட்டோ' மிகவும் பிரபலமான புத்தகம். நான் சொன்ன கதை ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கிறது. அறிவு என்றால் என்ன என்று ஆராயும் தத்துவப் பேராசிரியர்களுக்கும் கோழிக்குஞ்சு பிரிப்பவர் ரொம்பப் பிடித்த உதாரணம். ஒருவருக்கு ஒன்று தெரியும், ஆனால் எப்படித் தெரியும் என்று தெரியாது. அதை அறிவு என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். அவர்களில் சிலர் சொல்லும் வடிவம் இன்னும் சுவாரசியம்: பிரிப்பவர் கண்ணால் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், உண்மையில் மூக்கால் கண்டுபிடிப்பார். இந்த உதாரணம் வகுப்பறைக்கு வகுப்பறை சுற்றியதே தவிர, கோழிப்பண்ணைப் பக்கம் போய்ச் சரிபார்க்கப்பட்ட மாதிரி தெரியவில்லை.

சரி, நாம் போவோம்.

வீட்டில் அடைகாத்துப் பொரிக்கும் கோழிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. பத்துக் குஞ்சு மேயும், கொண்டை வந்த பிறகு எது சேவல், எது பெட்டை என்று தானே தெரியும். சேவல் குழம்புக்கு, பெட்டை முட்டைக்கு. அதுவரை பொறுத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் குஞ்சுகள் குப்பையைக் கிளறித் தின்கின்றன. இன்குபேட்டரில் ஆயிரக்கணக்கில் பொரிக்க ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிட்டது. பாதி சேவல். முட்டைக்காகப் பண்ணை வைப்பவர், முட்டையே போடாத அந்தப் பாதிக்கும் ஐந்தாறு வாரம் தீவனம் போட வேண்டும், இடம் தர வேண்டும். அமெரிக்காவில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. பொரிந்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்கு அதற்குச் சோறு. அதனால் அதைப் பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்பிவிடலாம். 1918-இல் அமெரிக்கத் தபால் துறை ஒரு நாள் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்க ஆரம்பித்தது. அதன் பிறகு வியாபாரமே 'ஒரு நாள் வயது' என்பதில் வந்து நின்றது. பிரிப்பதானால் அந்த ஒரு நாளுக்குள் பிரிக்க வேண்டும். முட்டை கூராக இருந்தால் இது, உருண்டையாக இருந்தால் அது என்ற ஜோசியம் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே உண்டு. அதை நம்பிப் பண்ணை நடத்த முடியாது.

முதல் நல்ல விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் பன்னெட் என்ற மரபியலாளர். பள்ளியில் பன்னெட் கட்டம் போட்டிருப்பீர்களே, அவரேதான். முதல் உலகப்போர் சமயம், தீவனத்துக்குத் தட்டுப்பாடு. பன்னெட் சொன்ன வழி இது. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பா தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவையில் தலைகீழ், அம்மாதான் தீர்மானிக்கிறாள். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. அம்மாவின் இசட் மகனுக்கு மட்டும்தான் போகும். வெள்ளி நிறத்துக்கான மரபணு அம்மாவின் இசட்டில் இருந்து, அப்பாவிடம் செம்பொன் நிற மரபணு மட்டுமே இருந்தால், மகன்கள் எல்லாம் வெளிர் மஞ்சளாகவும் மகள்கள் எல்லாம் பழுப்பாகவும் பொரிப்பார்கள். நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ரொம்ப அழகான ஐடியா. ஆனால் சரியான இரண்டு இனத்தைச் சேர்த்தால்தான் வேலை செய்யும். அப்போது உலகத்துக்கே முட்டை போட்டுக்கொண்டிருந்த வெள்ளை லெகார்ன் கோழிக்கு இந்த நிற வித்தை பலிக்காது.

லெகார்ன் பிரச்சினையைத் தீர்த்தது டோக்கியோ. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் கியோஷி மசுயி, ஜூரோ ஹாஷிமோட்டோ உள்ளிட்ட குழு 1920-களில் கோழிக்குஞ்சின் எச்சத்துளைக்குள் பார்த்தது. சேவலுக்கு அங்கே ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. பெட்டைக்கு அந்த இடம் தட்டையாகவோ உள்வாங்கியோ இருக்கும். 1927-இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் இதை வெளியுலகத்துக்குச் சொன்னார்கள். 1933-இல் வான்கூவரில் வெளியான அவர்கள் புத்தகத்தைத்தான் மேலே சொன்னேன். தலைப்பிலும் மர்மம் கிடையாது, 'கோழிக்குஞ்சுகளைப் பாலினம் பிரித்தல்' என்று சாதாரணமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

செய்முறை இதுதான். இடது கையில் குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் வயிற்றை லேசாக அழுத்தி முதலில் எச்சத்தை வெளியேற்ற வேண்டும். ஆமாம், பக்கத்தில் இதற்கென்றே ஒரு டப்பா இருக்கும். பிறகு இரண்டு கை விரல்களாலும் துளையை மெதுவாகப் பிரித்து, பளிச்சென்ற விளக்கின் கீழே பார்க்க வேண்டும். புடைப்பு உருண்டையாக, பளபளப்பாக, விரல் பட்டாலும் அமுங்காமல் நின்றால் சேவல். இல்லையென்றால் பெட்டை. இவ்வளவுதான் என்றால் எல்லோரும் செய்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் சில பெட்டைகளுக்கும் புடைப்பு இருக்கிறது, சில சேவல்களுக்கு இருப்பதே தெரியாது. ரெண்டுங்கெட்டான் வகைகள் நிறைய. மசுயியும் ஹாஷிமோட்டோவும் அவற்றை வகை வகையாகப் பிரித்து விவரித்தார்கள். மென்பொருள் மொழியில் சொன்னால் எட்ஜ் கேஸ்களுக்கு டாக்குமென்டேஷன் எழுதினார்கள். நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்?

என் ஸ்லைடை மொத்தமாகக் கவிழ்த்தது ஒரு அமெரிக்க ஆய்வு. உளவியலாளர்கள் பீடர்மனும் ஷிஃப்ராரும் 1987-இல் வெளியிட்டது. ஐம்பது வருஷத்தில் ஐந்தரைக் கோடிக் குஞ்சு பார்த்த ஒருவரோடு உட்கார்ந்து, எங்கே பார்க்கிறீர்கள், எந்த வடிவத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். அதை ஒரே ஒரு பக்கக் குறிப்பாக்கினார்கள்: இந்த இடத்தைப் பாருங்கள், குவிந்திருந்தால் ஆண், தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் பெண். கோழியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களிடம் 18 புகைப்படங்களைக் காட்டினார்கள். குறிப்பைப் படிப்பதற்கு முன் ஏறத்தாழ 60 சதவீதம் சரி, அதாவது காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல். படித்த பிறகு 84 சதவீதம். அதே படங்களில் தொழில்முறை ஆட்கள் எடுத்தது 72.

எனக்குப் படித்ததும் சந்தோஷம் வரவில்லை, கொஞ்சம் கோபம்தான் வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

ஆனால் இங்கேயும் அவசரப்படக்கூடாது. படம் வேறு, உயிர் வேறு. நல்ல தேர்ச்சி பெற்றவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பார்ப்பார், 98 சதவீதம் சரியாக. ஒரு குஞ்சுக்கு மூன்று நான்கு நொடி. அதற்குள் எடுத்து, எச்சம் பீய்ச்சி, விரித்து, பார்த்து, பெட்டியில் போட வேண்டும். கொஞ்சம் அழுத்தம் கூடினால் குஞ்சு செத்துவிடும். குறைந்தால் துளை விரியாது. அந்த அழுத்தத்தை எந்தக் குறிப்பாலும் கையில் கொண்டுவர முடியாது, மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆக, சொல்லில் அடங்காத பகுதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது விரலில் இருக்கிறது. பரோட்டா வீசுவதும் சொல்லில் அடங்காததுதான், அதற்காக மாஸ்டருக்குத் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது மக்கள் கதை. அமெரிக்கப் பண்ணைகளுக்கு இந்த வித்தை வேண்டும், அது தெரிந்தவர்கள் ஜப்பானியர்கள். ஆனால் 1924 குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் வந்து குடியேறுவதையே தடுத்திருந்தது. அதனால் 1930-களில் வந்த நிபுணர்களிடமிருந்து அங்கேயே பிறந்த ஜப்பானிய அமெரிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அவர்களை நிசேய் என்பார்கள், இரண்டாம் தலைமுறை. 1937-இல் ஜான் நிட்டா என்பவர் அமெரிக்கன் சிக் செக்ஸிங் அசோசியேஷனைத் தொடங்கினார். அதன் பயிற்சிப் பள்ளி பென்சில்வேனியாவில் நடந்தது. அந்தப் பிள்ளைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பட்டம் வாங்கியிருப்பார்கள், சிலர் இன்ஜினியரிங்கே முடித்திருப்பார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி வேலை தராது. கலிஃபோர்னியாவில் காய்கறிக் கடையில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் என் தோல் நிறத்தைப் பார்த்து யாரும் ரெஸ்யூமைத் தூக்கிப் போடவில்லை. அவர்களுக்கு இந்தத் தொழில் குஞ்சுக்கு இவ்வளவு என்று கூலி தந்தது. சீசனில் பண்ணை பண்ணையாகப் போனால் தக்காளிக் கடையைவிட எவ்வளவோ மேல்.

1942 பிப்ரவரி 19. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து இரண்டரை மாதம். ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட, மேற்குக் கடற்கரையில் இருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அமெரிக்கக் குடிமக்கள். முகாமைவிட்டு வெளியே வர வேண்டுமென்றால் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், உள்நாட்டில் எங்காவது வேலை தயாராக இருக்க வேண்டும். போர்க்காலத்தில் படைகளுக்கும் நேச நாடுகளுக்கும் முட்டைத் தூள் டன் டன்னாகப் போய்க்கொண்டிருந்தது. முட்டைக்குப் பெட்டைக்கோழி வேண்டும், பெட்டையைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டும். ஹேட்சரிகள் பெரும்பாலும் தடை செய்யப்பட்ட கடற்கரைப் பகுதிக்கு வெளியே, நாட்டின் நடுப்பகுதியில் இருந்தன. குஞ்சு பிரிக்கத் தெரிந்த நிசேய்களுக்கு அந்தக் குண்டூசித் தலைப் புடைப்பு முகாமின் வாசலைத் திறந்துவிட்டது. பிறகு இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியே போனவர்களும் உண்டு.

இந்த வரலாற்றை வரலாற்றாசிரியர் எய்ச்சிரோ அசுமா 2009-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று. ஜப்பானியர்களுக்கு விரல் சின்னது, கண் கூர்மை, பொறுமை அதிகம், அதனால் இது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று அப்போது பேசப்பட்டது. வெள்ளைக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை, நிசேய்களே தங்கள் தொழிலைக் காப்பாற்ற அதைச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் ஒன்றுக்குத் தாங்களே பூட்டுப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் 'ரத்தத்தில் இருக்கிறது' என்பதும், நான் ஸ்லைடில் போட்ட 'எப்படி என்று அவர்களுக்கே தெரியாது' என்பதும் அக்கா தங்கை மாதிரி. இரண்டிலும் பல மாதப் பயிற்சி காணாமல் போய்விடுகிறது. புத்தகம் காணாமல் போய்விடுகிறது. கிழக்கத்திய மாயம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு ஜெர்மன் வாட்ச் மெக்கானிக்கைப் பற்றி இந்த மாதிரிக் கதை ஏன் கிளம்பவில்லை என்று யோசித்தேன்.

ஜப்பானியர்களுக்குப் பிறகு இந்தத் தொழிலில் கொரியர்கள் நிறைய வந்தார்கள். 'மினாரி' படம் பார்த்திருப்பீர்கள், அந்தப் பாட்டிக்கு ஆஸ்கர் கிடைத்ததே. 1980-களில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு கொரியக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் குஞ்சு பிரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். இயக்குநர் லீ ஐசக் சங் தன் சொந்தக் குழந்தைப் பருவத்தை ஒட்டி எடுத்தது. அதில் ஹேட்சரிப் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை வரும். அது என்ன என்று மகன் கேட்பான். வேண்டாத ஆண் குஞ்சுகளை அங்கேதான் எரிக்கிறார்கள் என்று அப்பா சொல்லுவார்.

ஆரம்பத்தில் இவ்வளவு மோசமில்லை. பிரித்தெடுத்த ஆண் குஞ்சை மலிவாக விற்பார்கள், வாங்கியவர் கறிக்கு வளர்ப்பார். 1940-களின் கடைசியில் கதை மாறியது. 'நாளைய கோழி' என்று ஒரு போட்டியை அமெரிக்காவில் நாடு தழுவி நடத்தினார்கள். நெஞ்சுக்கறி தடிமனாக, சீக்கிரம் எடை போடும் கோழிதான் இலக்கு. 1948 இறுதிச் சுற்றில் கலிஃபோர்னியாவின் வான்ட்ரெஸ் பண்ணைக் கோழி ஜெயித்தது. அதன் பிறகு கறிக்கோழி ஒரு ஜாதி, முட்டைக்கோழி ஒரு ஜாதி என்று பிரிந்துவிட்டது. முட்டைக்கோழி ஜாதியில் பிறந்த சேவலுக்கு என்ன தீவனம் போட்டாலும் பிராய்லர் அளவுக்குச் சதை வைக்காது. முட்டையும் கிடையாது. அதனால் பொரிந்த அன்றே அரைத்தோ, கார்பன் டை ஆக்சைடு விட்டோ கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்குப் பல நூறு கோடி.

எல்லாம் சாவதில்லை. சிலது கலர் ஆகும்.

நான் மூன்றாவது படிக்கும்போது ஸ்கூல் வாசலில் மூங்கில் கூடையில் விற்பார்களே, பிங்க், பச்சை, ஊதா என்று, நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ஒன்று ஐந்து ரூபாய். நானும் தங்கச்சியும் இரண்டு வாங்கினோம். பச்சை மூன்றாவது நாள் செத்துப்போனது. பிங்க் பிழைத்தது, சாயம் போய் வெள்ளையானது, முட்டை போடும் போடும் என்று அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் காத்திருந்தோம். ஒரு நாள் விடியற்காலையில் மொட்டை மாடியில் ஏறிக் கூவியது. எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அந்தக் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி ஹேட்சரி ஒதுக்கிய ஆண் குஞ்சுகள் என்று இந்த எபிசோடுக்காகப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. யாரோ ஒருவர் ஒரு சில நொடி பார்த்து, அந்தப் பக்கப் பெட்டியில் போட்ட குஞ்சு அது.

இன்றைக்கு எச்சத்துளை பார்க்கும் ஆட்களின் தேவை குறைந்துகொண்டே வருகிறது. இறகு வளரும் வேகத்துக்கான மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. அதற்கேற்ப பெற்றோரைச் சேர்த்துவிட்டால் சிறகு நுனியை விரித்துப் பார்த்தே பிரித்துவிடலாம். சில நாள் பழகினால் போதும். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், 2022 ஜனவரி 1 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதையே தடை செய்துவிட்டது. அங்கே மட்டும் வருஷத்துக்கு 4.5 கோடி குஞ்சு செத்துக்கொண்டிருந்தது. இப்போது முட்டைக்குள்ளேயே பார்த்துவிடுகிறார்கள். கருவிலேயே ஆணா பெண்ணா பார்ப்பது என்றால் நம் ஊரில் வேறொரு ஞாபகம் வரும், ஸ்கேன் சென்டர் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸ். இங்கே வேண்டாதது ஆண் என்பதுதான் வித்தியாசம்.

முட்டைக்குள் பார்க்கும் முறைகளில் ஒன்று, ஒன்பதாவது நாள் லேசரால் ஓட்டில் நுண்துளை போட்டு ஒரு சொட்டு திரவம் எடுத்து ஹார்மோன் சோதிப்பது. இன்னொன்று எனக்குப் பிடித்தது. 13-ஆவது நாள் முட்டை வழியாக ஒளி பாய்ச்சி, கேமராவும் கம்ப்யூட்டரும் உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தைப் பார்க்கின்றன. பழுப்பு என்றால் பெண், வெளிர் என்றால் ஆண். அடப்பாவி, இது பன்னெட்டின் அதே வித்தை! நூறு வருஷம் கழித்து ஓட்டுக்கு வெளியே நின்று செய்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் பழுப்புக்கோழி இனத்துக்கு மட்டும் பலிக்கிறது. வெள்ளை லெகார்ன் இங்கேயும் கைக்கு அகப்படவில்லை.

மூன்றாவது ஸ்லைடைத் தூக்கிவிட்டேன். கேள்வி கேட்ட பெண்ணுக்கு 1987 ஆய்வை மெயில் அனுப்பினேன். "படிச்சேன் அண்ணா, படத்தை வெச்சு நானும் ட்ரை பண்ணேன், 14 சரி" என்று பதில் வந்தது. 18-க்கு 14. எனக்கு 13. நியூரல் நெட்வொர்க்குக்கு வேறு நல்ல உதாரணம் யாரிடமாவது இருந்தால் கமென்ட்டில் போடுங்கள், அடுத்த மாதம் மறுபடி செஷன் இருக்கிறது.